கொழுப்பு ஈரலுக்கு ப்ரோபயாடிக் கேப்சூல்: உண்மையில் வேலை செய்யுமா?

தேரிக்காடு எழுதியது:

வணக்கம். ஆபீஸில் வருடா வருடம் எடுக்கும் முழு உடல் பரிசோதனையில் இந்த முறை வயிற்று ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 2' என்று வந்திருக்கிறது. வயது 41. எடை 81 கிலோ, உயரம் 168 செ.மீ. ஈரல் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவுகளான எஸ்.ஜி.பி.டி. 78, எஸ்.ஜி.ஓ.டி. 52, பிளேட்லெட் 2,40,000, வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. குடிப்பழக்கம் கிடையாது. ஸ்கேன் எடுத்தவர் அதை நம்பாமல் இரண்டு தடவை கேட்டார்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் 'எடையைக் குறைங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க' என்று முடித்துவிட்டார். வெளியே வந்தால் அதே கட்டடத்தில் உணவு ஆலோசனை என்று ஒரு மேஜை. அங்கிருந்தவர், 'உங்க குடல்ல நல்ல பாக்டீரியா குறைஞ்சிருக்கு, அதான் ஈரல்ல கொழுப்பு சேருது' என்று சொல்லி மூன்று மாதத்துக்கு ப்ரோபயாடிக் கேப்சூல் (உயிருள்ள நல்ல பாக்டீரியா அடைத்தது) கட்டிக் கொடுத்தார். 5,400 ரூபாய். மலப் பரிசோதனை எதுவும் எடுக்காமல் குடலில் குறைந்திருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, 'எல்லாருக்கும் இப்படித்தான் சார்' என்றார்.

டப்பாவில் 'ஒரு கேப்சூலில் 3,000 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள்' என்று போட்டிருக்கிறது. லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் என்று ஆறு பெயர்கள். இதனால் ஈரல் கொழுப்பு குறையுமா, குறையாதா? 'சாப்பிட்டுத்தான் பாருங்களேன், கெடுதல் இல்லை' என்ற பதில் மட்டும் வேண்டாம். அதை ஏற்கெனவே வீட்டில் நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.

மருந்துக்கடை எழுதியது:

சார், நான் சேலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஈரலைப் பற்றி டாக்டர்கள் யாராவது சொல்லட்டும். நான் டப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் பெயரைப் பாருங்கள். வெறும் 'லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ்' என்று மட்டும் இருந்தால் அது பாதிப் பெயர்தான். எந்த பாக்டீரியாவாக இருந்தாலும் பெயருக்குப் பின்னால், அதற்கேற்ப ஜி.ஜி., பிபி-12, ஷிரோட்டா என்று ஓர் அடையாளம் வர வேண்டும். ஆராய்ச்சியெல்லாம் அந்த அடையாளம் உள்ள வகையை வைத்துத்தான் நடந்திருக்கும். அது இல்லாத டப்பாவுக்கு எந்த ஆராய்ச்சியைக் காட்டினாலும் பொருந்தாது.

அடுத்தது, 3,000 கோடி என்பது தயாரித்த அன்றைக்கா, காலாவதி தேதி வரைக்குமா? பல டப்பாக்களில் இது சொல்லப்படுவதே இல்லை. லாக்டோபேசில்லஸ் வகைகளுக்குச் சூடு ஆகாது. மே மாதத்தில் தகரம் போட்ட வேனில் பார்சல் வருவதை நான் தினம் பார்க்கிறேன். கடையில் ஃபிரிட்ஜில் வைப்பேன், அதற்கு முன்னால் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பி இருக்கிறதே, பேசில்லஸ் கிளாசி, அது வித்து வடிவில் இருப்பதால் சூட்டைத் தாங்கும். ஆனால் அது வேறு வேலைக்கு.

கடைசியாக, உரிமத்தைப் பாருங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரை இருந்தால் அது உணவுப் பொருளாக விற்கப்படுகிறது என்று அர்த்தம். நோயைக் குணப்படுத்துவதாக அதில் எழுதக் கூடாது. எழுத மாட்டார்கள். வாயால் சொல்லித்தான் விற்பார்கள்.

நிரல்மொழி எழுதியது:

மருந்துக்கடை அண்ணன் சொல்வது தரத்தைப் பற்றி. அடிப்படை விஷயத்துக்கு வருவோம். குடல் பாக்டீரியாவுக்கும் ஈரல் கொழுப்புக்கும் தொடர்பு இருப்பது கட்டுக்கதை இல்லை, கொஞ்ச நாளாக இதைத் தேடித் தேடிப் படிக்கிறேன்.

ஈரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருவது. குடலில் எது கசிந்தாலும் முதலில் போய்ச் சேருமிடம் ஈரல்தான். சிலவகை பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் எண்டோடாக்சின் என்ற பொருள் உண்டு. குடல் சுவரின் செல்களுக்கு நடுவில் உள்ள பிணைப்புகள் தளர்ந்தால் அது உள்ளே போய், ஈரலில் காவல் இருக்கும் குப்ஃபர் செல்களைத் தூண்டி அழற்சியை உண்டாக்கும். கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்கு இந்தக் கசிவு அதிகம் என்று இத்தாலியில் 2009-லேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் 2004-ல் நடந்த எலிச் சோதனை இன்னும் சுவாரசியம். கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் சாதாரண எலியின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் உடல் கொழுப்பு 60 சதவீதம் கூடியது. அதுவும் முன்பைவிடக் குறைவாகத் தின்றுவிட்டு! ஈரலிலும் கொழுப்பு ஏறியது.

2019-ல் பெய்ஜிங்கிலிருந்து வந்ததைக் கேளுங்கள். ஒருவருக்குக் கடுமையான கொழுப்பு ஈரல், மாவுச்சத்து சாப்பிட்டாலே குடித்தவர் போல ஆகிவிடுவார். மலத்தைச் சோதித்தால் சாராயம் காய்ச்சும் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா. பிறகு மற்ற கொழுப்பு ஈரல் நோயாளிகளைப் பார்த்தபோது 60 சதவீதம் பேரிடம் அதே வகை இருந்தது. அதை எலிக்குக் கொடுத்தால் எலிக்கும் கொழுப்பு ஈரல். தேரிக்காடு, உங்களிடம் இரண்டு தடவை 'குடிப்பீர்களா' என்று கேட்ட ஸ்கேன்காரர் ஒருவேளை சரியாகத்தான் கேட்டிருப்பார் :)

இவ்வளவு ஆதாரம் இருக்கும்போது கேப்சூலை ஏமாற்று வேலை என்று ஒதுக்குவது சரியில்லை.

ஈரக்குலை எழுதியது:

நான் கல்லீரல் பிரிவில் முதுநிலைப் பயிற்சியில் இருக்கிறேன். நிரல்மொழி சொன்ன அறிவியலில் குறையில்லை. அங்கிருந்து ஒரே தாவாகக் கேப்சூலுக்குத் தாவுவதுதான் இடிக்கிறது.

இந்தக் கேள்வியை நேராகக் கேட்டுப் பார்த்த சோதனை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் சவுத்தாம்டனில் நடந்தது, முடிவு 2020-ல் வெளியானது. கொழுப்பு ஈரல் உள்ள 104 பேர். ஒரு பாதிக்கு பிஃபிடோபாக்டீரியம் பிபி-12 தினம் 1,000 கோடி, கூடவே அந்த பாக்டீரியாவுக்குத் தீனியாக ஓர் நார்ச்சத்து 8 கிராம். மறு பாதிக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பார்க்க அதே மாதிரி இருந்தாலும் மருந்தே இல்லாத போலி மருந்து. பத்து முதல் பதினாலு மாதம் கொடுத்தார்கள், இந்தத் துறையில் இது நீண்ட காலம். ஈரல் கொழுப்பை சாதாரண ஸ்கேனில் பார்க்காமல் எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி என்ற காந்த ஸ்கேன் முறையில் அளந்தார்கள். இப்போதைக்குத் துல்லியமான அளவீடுகளில் அதுவும் ஒன்று.

குடல் பாக்டீரியா மாறியது. பிஃபிடோபாக்டீரியம் கூடியது, நல்லது என்று பெயரெடுத்த ஃபீக்கலிபாக்டீரியமும் கூடியது. கேப்சூல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஈரல் கொழுப்பில் போலி மருந்து சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமில்லை. ஈரலின் தழும்பைக் காட்டும் அளவுகளிலும் இல்லை. எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்ததில் ஈரல் கொழுப்பு குறைந்ததோடு ஒத்துப்போன ஒரே விஷயம், அவரவர் குறைத்த எடை.

அந்த மேஜையில் விற்றவர் 'நல்ல பாக்டீரியா கூடும், அதனால் ஈரல் சரியாகும்' என்றார். முதல் பாதி நடந்தும் இரண்டாம் பாதி நடக்கவில்லை என்பதைத்தான் இந்தச் சோதனை காட்டுகிறது. எனக்கு அதனால்தான் இது முக்கியமாகப் படுகிறது. மருந்து தரமில்லை, பாக்டீரியா செத்துவிட்டது என்று சாக்குச் சொல்ல முடியாது.

கரிசல் எழுதியது:

எனக்கு எஸ்.ஜி.பி.டி. 96 இருந்தது. ப்ரோபயாடிக் இரண்டு மாதம் சாப்பிட்டேன், 54 ஆனது. அப்போது காலையில் நடக்கவும் ஆரம்பித்திருந்தேன், இரவில் புரோட்டாவை விட்டேன். ஆனாலும் கேப்சூலால்தான் என்று நினைக்கிறேன்.

மருந்துக்கடை எழுதியது:

கரிசல் சார், புரோட்டா விட்ட புண்ணியத்தைக் கேப்சூலுக்கு எழுதிவிட்டீர்களே.

கொல்லைப்புறம் எழுதியது:

இத்தனை பேர் பேசுகிறீர்கள், பழைய சோற்றைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்த தலைமுறைக்கு ஈரல் கொழுப்பு எங்கே இருந்தது? சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலேயே பழைய சோற்றை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று செய்தியில் வந்ததே. வீட்டில் தயிர், மோர், இட்லி மாவு எல்லாம் புளிக்க வைத்துச் சாப்பிடுகிறோம். 5,400 ரூபாய்க்கு வயலெல்லாம் நெல் வாங்கலாம் தம்பி.

நிரல்மொழி எழுதியது:

அக்கா, இட்லி மாவில் லூக்கோநாஸ்டாக் மாதிரி பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, உண்மை. ஆனால் இட்லிக் கொப்பரையில் ஏற்றியதும் ஆவியில் செத்துவிடும். உயிரோடு உள்ளே போவது தயிர், மோர், நீராகாரம் இவைதான்.

டாக்டர், சவுத்தாம்டன் ஒரே ஒரு வகை பாக்டீரியாவைச் சோதித்தது. அதை வைத்து எல்லாவற்றையும் தள்ளிவிடலாமா? ரோமில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் 2014-ல் வி.எஸ்.எல்.#3 என்ற எட்டு வகைக் கலவையைப் பருமனான குழந்தைகளுக்கு நான்கு மாதம் கொடுத்தார்கள். கொழுப்பு ஈரல் குறைந்தது. ஹாங்காங்கில் 2013-ல் 20 பேரில் 10 பேருக்கு ஒரு ப்ரோபயாடிக்கை ஆறு மாதம் கொடுத்ததிலும் ஈரல் கொழுப்பு குறைந்தது. இவையும் சோதனைகள்தானே?

ஈரக்குலை எழுதியது:

சோதனைகள்தான். ரோமில் நடந்ததில் 44 குழந்தைகள், கொழுப்பைப் பார்த்தது சாதாரண அல்ட்ராசவுண்டில். கிரேடு 1, 2, 3 என்பதெல்லாம் திரையில் ஈரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்று பார்ப்பவர் கண்ணால் சொல்வது. காலையில் ஒருவர் கிரேடு 2 என்றதை மாலையில் இன்னொருவர் கிரேடு 1 என்பது எங்கள் பிரிவில் வாரம் தவறாமல் நடக்கும். ஹாங்காங்கில் அளவீடு நல்ல அளவீடு, ஆனால் ஆள் 20 பேர்தான். சின்னச் சின்னச் சோதனைகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் எஸ்.ஜி.பி.டி. ஓரளவு குறைவது தெரிகிறது, அதை மறுக்கவில்லை. எஸ்.ஜி.பி.டி. தானாகவே ஏறி இறங்கும் எண். அதிகமாக இருக்கும்போதுதான் ஆள் டாக்டரிடம் வருவார். அடுத்த முறை எடுத்தால் எதுவும் செய்யாமலே பலருக்கு இறங்கியிருக்கும். கரிசல் அண்ணே, உங்களைச் சொல்லவில்லை. உங்களுக்கு நடையும் புரோட்டாவும் இருக்கின்றன.

இன்னொன்று. வெளியிலிருந்து போகும் பாக்டீரியா குடலில் வீடு கட்டிக் குடியேறிவிடும் என்று நினைக்கிறோம். இஸ்ரேலில் வைஸ்மன் நிறுவனத்தில் 2018-ல் எண்டோஸ்கோப் விட்டுக் குடல் சுவரிலேயே சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு ஒட்டியது, சிலருடைய குடல் ஒட்டவே விடவில்லை. மலத்தில் மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியவில்லை, ஏனென்றால் உள்ளே போனது அப்படியே வெளியே வந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மாதிரி, பந்தி முடிந்ததும் கிளம்பிவிடுகிறது.

அதே குழு ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு ப்ரோபயாடிக் கொடுத்துப் பார்த்ததில், சொந்த பாக்டீரியாக்கள் பழைய நிலைக்குத் திரும்புவது தாமதமானது. 'கெடுதல் இல்லை' என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்வதில்லை.

சரி, பழைய சோறு. அக்கா, ஸ்டான்லியில் எடுத்துக்கொண்டது குடல் அழற்சி நோய்களுக்கு. கொழுப்பு ஈரலுக்கு அல்ல. பழைய சோற்றுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்கிறேன். சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காத வகையாக மாறும். அது பெருங்குடல் வரை போய் பாக்டீரியாவுக்குத் தீனியாகும். இந்த வகை மாவுச்சத்தை வைத்துச் சீனாவில் ஒரு பெரிய சோதனை நடந்து 2023-ல் முடிவு வந்தது. கொழுப்பு ஈரல் உள்ள சுமார் 200 பேர், நான்கு மாதம், மக்காச்சோளத்திலிருந்து எடுத்தது தினம் 40 கிராம். சாதாரண மாவு சாப்பிட்டவர்களைவிட ஈரல் கொழுப்பு நன்றாகக் குறைந்தது. எடை குறைந்ததைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பலன் மிஞ்சியது. குடல் பாக்டீரியாவும் மாறியது.

இங்கே வெளியிலிருந்து ஒரு பாக்டீரியாவும் கொடுக்கவில்லை, கவனித்தீர்களா? ஏற்கெனவே இருப்பவற்றுக்குச் சாப்பாடு போட்டார்கள், அவ்வளவுதான்.

கொல்லைப்புறம் எழுதியது:

பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதான்.

ஈரக்குலை எழுதியது:

பாதி சரி அக்கா. இந்தோனேசியாவில் 2015-ல் சோற்றை அளந்து பார்த்தார்கள். சுடச்சுட வடித்த சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம்தான் இந்த மாவுச்சத்து. ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் வைத்துச் சூடாக்கினால் 1.65 கிராம். அந்த 40 கிராம் வேண்டுமென்றால் நாளைக்கு இரண்டரை கிலோ சோறு தின்ன வேண்டும். மீதி எல்லாம் சாதாரண மாவுச்சத்துதான், வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 இருப்பவருக்கு அது ஆகாது. காலை டிபனுக்கு இனிப்புக் காபியும் பூரியும் தின்பதற்கு ஒரு கிண்ணம் பழைய சோறு எவ்வளவோ மேல். இரண்டாவது கிண்ணம் வேண்டாம்.

கொல்லைப்புறம் எழுதியது:

கூடவே வயலில் வேலை செய்ய வேண்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தலைமுறை சோற்றைக் குடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவில்லை.

வெண்பனி எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் அப்பாவுக்கு 67 வயது. கொழுப்பு ஈரல் முற்றி, ஈரலே தழும்பேறிவிட்ட சிரோசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். போன மாதம் திடீரென்று பகலில் தூக்கம், ராத்திரி விழிப்பு, பேச்சு குழறி, என்னையே யார் என்று கேட்டார். அட்மிட் செய்து இனிப்பான ஒரு சிரப்பும் மாத்திரையும் கொடுத்துத் தெளிய வைத்தார்கள். இப்போது அத்தை ஒருவர் ப்ரோபயாடிக் கொடுத்தால் அந்தச் சிரப் தேவையில்லை என்கிறார். சிரப் குடித்தால் அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு மாதிரி ஆகிறது, அதனால் அவரும் நிறுத்தச் சொல்லி அடம் பிடிக்கிறார். கொடுக்கலாமா?

ஈரக்குலை எழுதியது:

அந்தச் சிரப் பெரும்பாலும் லாக்டுலோஸாக இருக்கும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு வந்தது ஈரல் சார்ந்த மூளைக் குழப்பம். குடல் பாக்டீரியா உண்டாக்கும் அம்மோனியா போன்றவற்றை நல்ல ஈரல் வடிகட்டிவிடும். தழும்பேறிய ஈரலால் முடியாது, அவை மூளைக்குப் போய்விடும். லாக்டுலோஸ் பெருங்குடலில் புளித்து, அம்மோனியாவை ரத்தத்துக்குள் போகவிடாமல் மலத்தோடு தள்ளும். குடல் பாக்டீரியாவை வைத்து ஈரல் நோயைக் கையாளும் வைத்தியம் 1960-களிலிருந்தே நம்மிடம் இருக்கிறது, பளபளப்பான டப்பாவில் வராததால் யாரும் பேசுவதில்லை. நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போக வேண்டும், அதுதான் கணக்கு. அதற்கு மேல் தண்ணீராகப் போனால் உடலில் நீர் வற்றிக் குழப்பம் திரும்ப வரும். அளவைக் குறைக்க டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ப்ரோபயாடிக்குக்கு இந்தக் கட்டத்தில்தான் கொஞ்சம் கனமான ஆதாரம் இருக்கிறது, அதுவும் நம் நாட்டிலிருந்தே. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையில் சிரோசிஸ் வந்து ஒருமுறை குழப்பத்திலிருந்து மீண்ட 130 பேருக்கு வி.எஸ்.எல்.#3 அல்லது போலி மருந்தை ஆறு மாதம் கொடுத்தார்கள், 2014-ல் வெளியானது. குழப்பத்துக்காக மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தவர்கள் போலி மருந்துக் குழுவில் 42 சதவீதம், ப்ரோபயாடிக் குழுவில் 20 சதவீதம். குழப்பம் வருவதையே தடுத்ததா என்று பார்த்தால் அந்த வித்தியாசம் உறுதியாகவில்லை. அளவையும் கவனியுங்கள்: தினம் 90,000 கோடி. தேரிக்காடு அண்ணன் வாங்கிய கேப்சூலைப் போல முப்பது மடங்கு.

ஆகவே 'கூடவே கொடுக்கலாமா' என்று உங்கள் டாக்டரிடம் கேட்பது நியாயமான கேள்வி. கேட்காமல் கொடுப்பது ஆபத்து. நோய் எதிர்ப்பு குறைந்த உடம்பில் இந்த உயிருள்ள கிருமிகள் ரத்தத்துக்குள் போய்விடும் சம்பவங்கள் உண்டு. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்கு, தொற்றைத் தடுக்கும் என்று நம்பி ப்ரோபயாடிக் கொடுத்தார்கள். 2008-ல் முடிவைப் பார்த்தால் போலி மருந்துக் குழுவில் இறந்தவர்கள் 6 சதவீதம், ப்ரோபயாடிக் குழுவில் 16 சதவீதம். அது வேறு நோய்தான். ஆனால் 'தயிர் மாதிரிதானே, என்ன செய்துவிடும்' என்று என்னிடம் யாராவது சொன்னால் எனக்கு அந்த எண்கள்தான் ஞாபகம் வரும்.

வெண்பனி எழுதியது:

இதை அப்படியே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரப்பை முணுமுணுத்துக்கொண்டே குடித்தார். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், அளவைப் பற்றிக் கேட்கிறேன்.

மருந்துக்கடை எழுதியது:

ஈரல் என்றதும் ஞாபகம் வருகிறது. கேப்சூலைவிட எனக்குப் பயம் தருவது 'லிவர் டானிக்', 'லிவர் டீடாக்ஸ்' என்று வரும் பொடிகளும் கஷாயங்களும்தான். கொரோனா நேரத்தில் சீந்தில் கொடிச் சாறு எவ்வளவு விற்றது தெரியுமா? அதைத் தொடர்ந்து எடுத்தவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை டாக்டர்கள் 2021-ல் எழுதினார்கள். ஈரலைக் காப்பாற்ற வாங்கியது ஈரலையே பதம் பார்த்தது. தேரிக்காடு சார், அந்த மேஜையில் அடுத்து அது வரும், ஜாக்கிரதை.

தேரிக்காடு எழுதியது:

ஏற்கெனவே வந்துவிட்டது. 'டீடாக்ஸ் டீ' ஒன்று சாம்பிள் கொடுத்தார்கள். பிரிக்கவில்லை.

கேப்சூல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். என் ரிப்போர்ட்டை வைத்து, நான் எந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டும்? ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்லி ஒருவர், வேண்டாம் என்று ஒருவர்.

ஈரக்குலை எழுதியது:

இணையத்தில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்க மாட்டேன், ஆனால் ஒரு கணக்கு சொல்லித் தரலாம். பேர் ஃபிப்-4. உங்கள் வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள்: 41 × 52 = 2,132. பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்து (240), அதை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் (78-க்கு 8.83) பெருக்கினால் சுமார் 2,119. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 1.0 வருகிறது. 1.3-க்குக் கீழ் இருந்தால் ஈரலில் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. ஸ்கேனில் வரும் கிரேடு எண்ணைவிட இதுதான் முக்கியம். கொழுப்பு எவ்வளவு என்பதைவிடத் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதுதான் பிற்காலத்தைத் தீர்மானிக்கும். ஃபைப்ரோஸ்கேன் எடுத்தால் தப்பில்லை, அவசரமும் இல்லை. உங்கள் டாக்டர் சொன்னால் எடுங்கள். அதில் கிலோபாஸ்கல் என்று வரும் எண் 8-க்குக் கீழ் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. சர்க்கரைக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. மட்டும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். 112 என்பது எல்லையைத் தாண்டியாகிவிட்டது.

எடையைக் குறைங்க என்று உங்கள் டாக்டர் எண் சொல்லாமல் விட்டதுதான் குறை. சொன்னது சரி. கியூபாவில் 293 நோயாளிகளை ஒரு வருடம் உணவு, உடற்பயிற்சியில் வைத்து 2015-ல் முடிவை எழுதினார்கள். பெரும்பாலோருக்கு ஊசி போட்டு ஈரல் சதையை முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்திருந்தார்கள். 10 சதவீதம் எடை குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு ஈரல் அழற்சி மறைந்தது, 45 சதவீதம் பேருக்குத் தழும்பே பின்வாங்கியது. அந்த 10 சதவீதத்தை எட்டியவர்கள் பத்தில் ஒருவர்தான், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்களுக்கு 5 சதவீதம் என்றால் 4 கிலோ. கொழுப்பு குறையத் தொடங்க அது போதும். 8 கிலோ குறைத்தால் நான் சொன்ன அந்தப் பத்தில் ஒருவர் நீங்கள்.

நிரல்மொழி எழுதியது:

கேப்சூல் விஷயத்தில் டாக்டர் பக்கம் வலுவாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதவை இழுத்துச் சாத்தவும் வேண்டாம். பெல்ஜியத்தில் 2019-ல் ஆக்கர்மான்சியா என்ற பாக்டீரியாவைச் சூடாக்கிக் கொன்று கொடுத்தும் பார்த்தார்கள், உயிருள்ளதைவிடச் செத்ததுதான் இன்சுலின் விஷயத்தில் நன்றாக வேலை செய்தது. 32 பேர்தான், சின்னச் சோதனை, தெரியும். இன்றைக்குக் கடையில் இருப்பது தயிர்க் கடையிலிருந்து எடுத்த பாக்டீரியாக்கள். ஈரலுக்கென்று தேடி எடுத்த பாக்டீரியா இனிமேல்தான் வரும் என்பது என் நம்பிக்கை.

ஈரக்குலை எழுதியது:

வரட்டும். வந்தால் நானே எழுதிக் கொடுக்கிறேன். சோதனையில் ஜெயித்த பிறகு.

கொல்லைப்புறம் எழுதியது:

தேரிக்காடு தம்பி, பாக்டீரியாவுக்குத் தீனி என்று டாக்டர் சொன்னதைச் சமையலறைக்குக் கொண்டுவருகிறேன். கொள்ளை முதல் நாள் ஊறவைத்து ரசமும் சுண்டலுமாக வாரம் இரண்டு நாள். தட்டப்பயறு, மொச்சை, கருப்புக் கொண்டைக்கடலை மாற்றி மாற்றி. வாழைத்தண்டைப் பொரியலாகச் செய்யுங்கள், சாறு பிழிந்து சக்கையைத் தூக்கி எறியாதீர்கள், நாரெல்லாம் சக்கையில்தான் இருக்கிறது. கீரையைத் தண்டோடு கடையுங்கள். வாழைக்காய் பழுப்பதற்கு முன் பொரியல், வறுவல் வேண்டாம். சிறுதானியம் என்று சொல்லி மாவாக அரைத்து, வெல்லம் போட்டுக் கஞ்சி குடித்தால் அதற்குச் சர்க்கரைத் தண்ணீரையே குடிக்கலாம். சோற்றைத் தட்டில் கால் பங்காக்கி, குழம்பில் இருக்கும் காயை மேலே ஏற்றுங்கள். எங்கள் வீட்டில் முதல் வாரம் எல்லோருக்கும் வயிறு உப்பியது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியபோது அடங்கிவிட்டது.

ஆபீஸ் டீயில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு எத்தனை டீ என்பதை நான் கேட்கவில்லை, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேரிக்காடு எழுதியது:

நாலு டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு. கூடவே பன் பட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் நான் டப்பாவில் தேடியது டீக்கடையில் இருந்திருக்கிறது.

ஒரு கடைசிக் கேள்வி. என் தம்பி ஒல்லி, 58 கிலோதான். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. 'எனக்கெல்லாம் வராது' என்று என்னைக் கிண்டல் செய்கிறான். வராதா? இன்னொன்று, மீதி இரண்டு டப்பாக்களைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

ஈரக்குலை எழுதியது:

மேற்கு வங்கத்தில் பீர்பூம் மாவட்டக் கிராமங்களில் தேடிப் பார்த்து 2010-ல் எழுதினார்கள். கொழுப்பு ஈரல் இருந்தவர்களில் 75 சதவீதம் பேருக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 25-க்குக் கீழ். நம் ஊர் உடம்புக்கு ஒல்லி என்பது காப்பீடு இல்லை, அப்பாவுக்குச் சர்க்கரை இருந்த வீட்டில் கேட்கவே வேண்டாம். இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, எஸ்.ஜி.பி.டி. மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். டீக்கு அவரையும் கூட்டிப் போகாதீர்கள்.

மருந்துக்கடை எழுதியது:

டப்பா பிரிக்காமல், பில்லோடு இருந்தால் கேட்டுப் பாருங்கள் சார். ஃபிரிட்ஜ் பொருள் என்று சொல்லி வாங்க மறுத்தால், 'நீங்க கொடுத்தப்ப மேஜை மேல வெயில்லதானே இருந்துச்சு' என்று கேளுங்கள்.